படையைத் திரும்ப அழைக்கும் அண்ணன்

சண்டை போடத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சண்டையை நிறுத்தத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது ஜாதியைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். கடல் தாண்டி யாரோ ரெண்டு பேர் அடித்துக்கொள்கிற இடத்தில் நம் படையும் போய் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறதே, அதை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அரசாங்கத்துக்குத் தெரியாது, தளபதிக்குத் தெரியாது, அங்கே நிற்கிற படைக்கும் தெரியாது. முடிவெட்டும் கடையில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறாரே ஒருத்தர், அவருக்குத் தெரியும்.

ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நம்ம பசங்க திரும்பி வந்தா நல்லா இருக்கும்" என்று சும்மா சொல்லிப் பாருங்கள்.

"வரணும். யாரு வேணாங்கிறா?" என்பார். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். பொறுங்கள், அவர் இன்னும் மூச்சு விடவில்லை. "ஆனா அதுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?"

முறை என்றால் என்ன? கௌரவமாக வரவேண்டும். கௌரவம் என்றால் என்ன? அவசரப்படாமல் வருவது. எத்தனை நாளைக்கு அவசரப்படாமல் இருப்பது? இதைக் கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். சீப்பை எடுத்து மலைப்பாதை என்பார், பவுடர் டப்பாவை எதிரியின் முகாம் என்பார், சோப்புக் கிண்ணத்தைத் துறைமுகமாக்கி, கத்தரிக்கோலைக் குறுக்கே போட்டு ஆறு என்று சொல்லி, அந்த ஆற்றின் மேல் பாலத்துக்கு என்ன வைப்பது என்று கடை முழுக்கக் கண்ணால் துழாவுவார்.

"சார், நுரை காயுது" என்பார் கடைக்காரர்.

"இருப்பா. துறைமுகத்தைக் காலி பண்ணிக்கிறேன்."

"அது என் சோப்புக் கிண்ணம் சார். அடுத்த ஆளு காத்துட்டிருக்காரு."

நாம் பார்க்கப்போகிற மனிதர் இந்த இனத்தில் முதல் தரம். பஸ் டிப்போவில் முப்பத்தியோரு வருஷம் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே போய் எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்று அட்டவணை எழுதி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாரும் அவரை டைம்டேபிள்காரர் என்பார்கள். அவர் எழுதிய அட்டவணைப்படி எந்த வண்டியும் ஓடியதில்லை என்று டிரைவர்கள் சொல்வதுண்டு. அது டிரைவர்களின் குற்றம். அட்டவணையில் ஒரு அடித்தல் திருத்தல் காட்ட முடியாது.

வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் போர்க்களம். பாத்திர மூடிகளெல்லாம் படைப்பிரிவுகள். மூன்று மூடிகள் வடக்கே, இரண்டு மேற்கே, ஒன்று எப்போதும் துறைமுகத்தில் தயாராக.

"ஏங்க, உங்க படைய கொஞ்சம் திருப்பிக் குடுங்க. பாத்திரமெல்லாம் திறந்து கிடக்கு, ஈ மொய்க்குது" என்பாள் அவர் பெண்டாட்டி.

"வடக்குல இருக்கிறத இப்ப எடுக்க முடியாது. எடுத்தா மேற்குப் பக்கம் தனியா மாட்டிக்கும்."

"அப்ப ஈயோட சாப்பிடுங்க."

இதெல்லாம் வேடிக்கைதான். யார் வீட்டுப் பிள்ளையும் அங்கே இல்லாதவரைக்கும் வேடிக்கை. இவருடைய தங்கச்சி மகன் அங்கே இருந்தான்.

தங்கச்சிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வார்டு வார்டாக வருகிற விரிப்புகளையும் சட்டைகளையும் பிரித்து, சட்டைப் பைகளில் ஊசி, கத்தி ஏதாவது கிடக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்து, வேகவைத்து, உலர்த்தி, இன்னொருத்தியோடு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்து அடுக்குவாள். ஒரே மகன். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். ஆறு மாதம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு ஆறு மாதம் நீட்டினார்கள். அப்புறம் இன்னொரு ஆறு. இந்த மாதக் கடைசியில் நாடாளுமன்றத்தில் நான்காவது ஆறு மாதத்துக்கு ஓட்டுப் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு முன்னால் ஒரு குழு ஊர் ஊராக வந்து, படையில் ஆள் இருக்கிற குடும்பங்களின் கருத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போகுமாம். குடும்பத்துக்கு ஒரு டோக்கன், டோக்கனுக்கு ஐந்து நிமிஷம். வேண்டும் என்றாலும் சொல்லலாம், வேண்டாம் என்றாலும் சொல்லலாம்.

அந்த வட்டாரத்தில் ஏழு குடும்பம், ஏழு டோக்கன். வாங்கி வந்த ஏழு பேரும் பொம்பளைகள்.

நம் டைம்டேபிள்காரருக்கு டோக்கன் கிடையாது. மருமகனுக்கு மாமா குடும்பமாகாது என்று டோக்கன் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சொல்லிவிட்டாள். இந்த இனத்தை அவ்வளவு லேசாக எடைபோடக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலமே ஏழு பேரையும் தன் வீட்டு முன்னறைக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தார்.

"அஞ்சு நிமிஷத்துல நீங்க என்னம்மா சொல்லுவீங்க? மைக்கப் பார்த்ததும் அழுவீங்க. அழுதா கைக்குட்டை குடுப்பாங்க. படையக் குடுப்பாங்களா? ஏழு டோக்கனையும் எங்கிட்ட குடுங்க. முப்பத்தஞ்சு நிமிஷம். எப்படிக் கிளம்பணும், யாரு முதல்ல, யாரு கடைசி, எந்த ரோடு, எந்தக் கப்பல், எல்லாத்தையும் அட்டவணையாப் போட்டு அவங்க முன்னாடி வச்சிடுறேன். 'எப்படி'ன்னு கேக்க அவங்களுக்கு வாயே இருக்காது."

சொன்னதில் நியாயம் இருந்த மாதிரிதான் தெரிந்தது. தையல்காரம்மா கொடுத்தாள். மற்றவர்களும் கொடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா மட்டும் டோக்கனை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன் அங்கே சமையல் பிரிவில் இருக்கிறான்.

"நானும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு..."

"அந்த ரெண்டு வார்த்தைய எங்கிட்ட சொல்லுங்க, சேர்த்துக்கிறேன்" என்று நோட்டைத் திறந்து, 'ரொட்டிக்கடை: வருத்தம்' என்று எழுதிக்கொண்டார்.

தங்கச்சி மைக் முன்னால் நின்றதே இல்லை. நாலு எழுத்து தெரியும், வார்டு நம்பர் படிப்பாள், அவ்வளவுதான். அண்ணன் படித்தவர். அவளும் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் பேசினான். வாரத்துக்கு நாலு நிமிஷம்தான் அவனுக்கு.

"யாரும்மா பேசப்போறா எங்களுக்காக?"

"உங்க மாமாதான்டா. அட்டவணை போட்டுட்டிருக்காரு."

"அப்ப நான் இங்கயே ஒரு வீடு பாத்துக்கிறேம்மா" என்றான்.

சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

குழு வந்தது. நூலகத்துக் கூடத்தில் மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவரம்மா, முந்தின ஊரிலேயே தொண்டை கட்டிப்போய் வெந்நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு குமாஸ்தா, கையில் மணி. ஐந்து நிமிஷம் ஆனால் அடிப்பார். அடித்ததும் இன்னொரு டோக்கன் கொடுத்தால் மேலே பேசலாம், இல்லையென்றால் இறங்கவேண்டும். பெண்கள் ஏழு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டைம்டேபிள்காரர் தேய்த்த சட்டையில், பையில் ஏழு டோக்கனோடு, கக்கத்தில் சுருட்டிய படத்தோடு ஏறினார்.

முதல் டோக்கன் நன்றி சொல்லவே போய்விட்டது. தலைவரம்மாவுக்கு நன்றி, உறுப்பினர்களுக்கு நன்றி, நூலகத்துக்கு நன்றி, ஜனநாயகத்துக்கு நன்றி. மணி. இரண்டாவது டோக்கனில், இருபது வருஷத்துக்கு முன்னால் பஸ் டிப்போவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றியபோது ஒரு வண்டிகூட நிற்காமல் தான் சமாளித்த விதத்தை விளக்கினார். மணி. மூன்றாவது, கௌரவம். ஒரு நாடு ஓர் இடத்தை விட்டு வெளியே வருவதற்கும், ஓர் ஆள் கூட்டத்திலிருந்து நைசாக நழுவுவதற்கும் உள்ள வித்தியாசம். மணி. நான்காவது டோக்கனில் படத்தை விரித்தார். மேலே ஒட்டினால் கீழே சுருண்டது, கீழே ஒட்டினால் மேலே கழன்று அவர் தலையிலேயே விழுந்தது. குமாஸ்தா எழுந்து வந்து ஒட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பிப்போய் மணியடித்தார்.

தங்கச்சி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு போச்சு.

"ஐயா," என்றார் தலைவரம்மா கட்டிப்போன குரலில், "சுருக்கமா, குடும்பங்கள் என்ன விரும்பறாங்க? உடனே திரும்பணுமா?"

"திரும்பணும். அதுல ரெண்டு கருத்தே இல்லை. ஆனா 'உடனே'ங்கிற வார்த்தைய நாம ஜாக்கிரதையாப் பார்க்கணும்."

அதைப் பார்த்ததில் ஐந்தாவது போயிற்று.

தையல்காரம்மா தங்கச்சியின் காதில், "ஏன்க்கா, உங்க அண்ணன் நம்ம பக்கமா, அவங்க பக்கமா?" என்று கேட்டாள். தங்கச்சியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது டோக்கனில் ஒருவழியாகப் படத்துக்கு வந்தார். நான் பொய் சொல்லமாட்டேன், படம் அழகாகத்தான் இருந்தது. முகாமிலிருந்து துறைமுகத்துக்குக் கலர் கலராகக் கோடுகள். சிவப்பில் காலாட்படை, பச்சையில் ஆஸ்பத்திரி ஆட்கள், மஞ்சளில் சமையல் பிரிவு. எல்லாக் கோடும் துறைமுகத்தைத் தொட்டு, கப்பலேறி, வீடு வந்து சேர்ந்தது. முன்வரிசையில் ஒவ்வொருத்தியும் தன் ஆளுடைய கோட்டைத் தேடிப் பிடித்து, அது வீட்டுக்கு வருகிறதைப் பார்த்து மூச்சுவிட்டாள். தங்கச்சியும் தேடினாள். கிடைக்கவில்லை.

"அண்ணே, லாரி ஓட்டுறவங்க எந்தக் கோட்டுல வர்றாங்க?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிட்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. இத்தனை நேரத்தில் முதல்முறையாக ஒருத்தர் அட்டவணையைப் பற்றிக் கேட்கிறார்.

"நல்ல கேள்வி. நீலக் கோடு."

அவள் எழுந்து படத்தண்டை போனாள். வெந்நீரில் ஊறி வெளுத்த விரலை நீலக் கோட்டின் மேல் வைத்து நகர்த்தினாள். முகாமில் கிளம்பியது, துறைமுகத்துக்குப் போயிற்று, ஆட்களை இறக்கியது, முகாமுக்குத் திரும்பியது. மறுபடி துறைமுகம். மறுபடி முகாம். விரல் போய்ப் போய் வந்தது. பதினாலு நடை. கடைசியில் கோடு ஒரு சின்ன வட்டத்தில் முடிந்தது.

"இது முகாம்லயே போயி நிக்குதே."

"ஆமா. அங்கதானே கிளம்புச்சு? கிளம்பின டிப்போவுலதான் வண்டி கடைசியா நிக்கணும். அதான் விதி. முப்பத்தியோரு வருஷத்துல ஒரு வண்டியையாவது நான் வழியில விட்டிருக்கேனா?"

"வண்டி சரி. ஓட்டுறவன்?"

டைம்டேபிள்காரர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வாழ்நாள் முழுக்க வண்டிக்கு அட்டவணை போட்டவர். வண்டி டிப்போவில் நின்றதும் டிரைவர் நடந்து வீட்டுக்குப் போய்விடுவான் என்பது எழுதவேண்டிய விஷயமே இல்லை அவருக்கு. அந்த டிப்போ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஓட்டுறவன்... வண்டியோட இருப்பான்" என்றார். "அது அடுத்த அட்டவணையில வரும்."

"ஊருல எல்லாரும் வீடு வந்து சேர்ந்துடுறாங்க. என் புள்ள மட்டும் அங்க வண்டியப் பூட்டிட்டு சாவியோட நிக்கிறானா?"

மணி அடித்தது. அவருடைய கை சட்டைப்பைக்குப் போவதற்கு முன்னால் அவள் கை போய்விட்டது. தினம் நானூறு பையில் கைவிட்டு எடுக்கிறவள், இவருடைய ஒரு பை அவளுக்கு எம்மாத்திரம்? டோக்கனை எடுத்துக்கொண்டுபோய்க் குமாஸ்தா மேஜையில் வைத்தாள்.

"இது என்னுது. நான் பேசறேன்."

"தங்கச்சி, எட்டாவது கட்டத்தை மட்டும்..."

"இறங்குங்கண்ணே."

"முடிவுரை ஒண்ணு இருக்கு..."

"அண்ணே. இந்த மேடைய விட்டே உங்களுக்கு இறங்கத் தெரியலை. நீங்களா படைய இறக்கப்போறீங்க?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவரம்மா வெந்நீர்க் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். டைம்டேபிள்காரர் இறங்கினார். ஒரு படி இறங்கி நின்றார், திரும்பிப் படத்தைப் பார்த்தார், இன்னொரு படி இறங்கினார். கௌரவமாகத்தான்.

தங்கச்சி மைக் முன்னால் போய் நின்றாள். கை இரண்டும் அங்கே இல்லாத ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் வாயைத் திறந்தாள்.

"அம்மா, எனக்குத் திட்டமெல்லாம் தெரியாது. செவ்வாக்கிழமை லெட்டர் வந்துச்சு, வெள்ளிக்கிழமை என் புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. மூணு நாளு. போறப்போ யாரும் எங்கிட்ட வந்து, எந்த ரோடு, எந்தக் கப்பல்னு கேக்கலை. திருப்பிக் கூப்பிடுறதுக்கு மட்டும் நாங்க படம் வரைஞ்சுட்டு வரணுமா? அனுப்பத் தெரிஞ்சவங்களுக்குக் கூப்பிடத் தெரியாதா? கௌரவமா வரணுமாம். அவன் போட்டிருக்கிற பேண்ட்டோட வந்தாப் போதும். கௌரவத்த நான் வீட்டுல துவைச்சுக்கிறேன்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தலைவரம்மா எழுதிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அவர் பேனாவைத் தொட்டதே இல்லை.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா" என்றார் குமாஸ்தா, மெதுவாக.

தங்கச்சி தன் மகன் பேரைச் சொல்லிவிட்டு முன்வரிசையைப் பார்த்தாள். "வாங்கடி எல்லாரும். ஆள் பேரச் சொல்லிட்டு உக்காருங்க."

ஆறு பேரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பேர். மகன் பேர், தம்பி பேர், புருஷன் பேர். யாரும் அழவில்லை. தையல்காரம்மா பேரோடு படை எண்ணையும் சேர்த்துச் சொன்னாள். கடைசியாக ரொட்டிக்கடைக்காரம்மா வந்து, பேரைச் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அவருக்கு இடது காது கேக்காதும்மா. அங்க போனதுக்கப்புறம்தான். கூப்பிடறப்போ கொஞ்சம் சத்தமாக் கூப்பிடச் சொல்லுங்க."

மணியடிக்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. குமாஸ்தா அடிக்கவில்லை.

மாதக் கடைசியில் ஓட்டெடுப்பு நடந்தது. நாலு ஓட்டு குறைந்து, நீட்டிப்பு தோற்றுப்போனது. இந்த ஏழு பேர் பேசியதால்தான் தோற்றது என்று சொல்லமாட்டேன். பெரிய இடத்துக் காரணங்கள் ஆயிரம் இருந்திருக்கும். ஆனால் தலைவரம்மாவின் அறிக்கையில் ஏழு ஆட்களின் பேரும் இருந்ததாகவும், ஒரு பேருக்குப் பக்கத்தில் 'சத்தமாக' என்று அடைப்புக்குறியில் போட்டிருந்ததாகவும் பேப்பரில் வந்தது. பதினோரே நாளில் படை திரும்பிவிட்டது. லாரியெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, ஓட்டுகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

டைம்டேபிள்காரருக்கு இதில் பெரிய மனக்குறை. பதினோரு நாள் ரொம்ப அவசரம் என்பது அவர் கட்சி. அதே சமயம், மூன்றாவது நாளில் அவர்கள் எடுத்த பாதை தன் படத்தில் இருந்த பாதைதான் என்றும், தன் முப்பது நிமிஷம் இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்றும் முடிவெட்டும் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கற்றவர் என்பதால்தான் அவரை இந்த இனத்தில் முதல் தரம் என்று நான் சொன்னேன்.

மருமகன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். பையன் அம்மா போட்ட துவைத்த விரிப்பின் மேல் படுத்துக் கிடந்தான். தங்கச்சி அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் பேண்ட் பைகளில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, துறைமுகத்துக்குப் போறப்போ ஆத்தை வடக்குப் பக்கமாத் தாண்டினீங்களா, தெற்குப் பக்கமாவா?"

"தெரியலை மாமா."

"தெரியலையா? ரெண்டு பாலம் இருக்கேடா அங்க!"

"வண்டியில ஏறி உக்காந்ததும் தூங்கிட்டேன் மாமா. பதினெட்டு மாசத்துல அன்னைக்குத்தான் வேற ஒருத்தர் ஓட்டினாரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூங்கிப்போனான். தங்கச்சி அண்ணனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவர் நோட்டை மூடிக்கொண்டு, குதிகால் படாமல் வெளியே போனார்.

நீங்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அத்தனை லாரியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று சொன்னேனே, அந்த இடத்தில் உங்கள் மனசு அந்தப் பையனோடு வீட்டுக்கு வந்ததா, இல்லை, 'அடடா, லாரியை அப்படியே விட்டிருக்கக் கூடாதே, பாதியைக் கப்பலில் ஏற்றி, மீதியை...' என்று கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிட்டதா? நின்றிருந்தால், முடிவெட்டும் கடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. போகும்போது உங்கள் வீட்டுச் சோப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.